படிந்த சேறு

பல்லக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்வது அவள் வேலை. முன்னறையில் டாக்டர் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்வார். பின்னறையில் இவள் வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பாள். மெழுகு உருக்கும் சின்ன அடுப்பு, பிளாஸ்டர் மூட்டை, பல் தேய்க்கும் மோட்டார், அச்சுகளைக் காயவைக்கும் சூடான அலமாரி, சுவரோரம் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டர் தாடைகள். புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் ஒருத்தி முதல் நாள் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு நடுவுல எப்படிக்கா சாப்பிடறீங்க?" என்று கேட்டாள். "அவங்க பங்கு கேக்க மாட்டாங்கல்ல" என்றாள் பல்லக்கா.

வருகிறவர்கள் எல்லோருக்கும் பளீரென்று வெள்ளைப் பல் வேண்டும். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "எழுபது வயசு முகத்துல பதினெட்டு வயசுப் பல்லை வெச்சா, பல்லுதான் சிரிக்கும், நீங்க சிரிக்க மாட்டீங்க" என்பாள். டீ குடிக்கிறவருக்கு ஒரு மங்கல், சிகரெட் பிடித்தவருக்கு ஈறோரம் மெல்லிய பழுப்பு, கீழ்வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பியது என்று வைத்துக் கொடுப்பாள். போட்டுக்கொண்டு போனால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

அவளுடைய இன்னொரு வேலைக்கு ஆஸ்பத்திரியில் யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அது அவள் கணவரால் வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு தடவை மச்சினன் மகனுக்கென்று அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் போர் டாங்கி ஒன்று வாங்கிக் கொடுத்தார். பையன் சக்கரத்தைக் கோபுரத்தில் ஒட்டி, பசையைத் தலையில் தடவிக்கொண்டு, அழுதுவிட்டுப் போய்விட்டான். குப்பைக்குப் போக இருந்ததைப் பல்லக்கா எடுத்து வைத்தாள். ஒட்டியதைப் பிரித்து, பிசிறு தேய்த்து, சரியாகச் சேர்த்து, பச்சை அடித்தாள். பார்த்தால் பொம்மை மாதிரி இருந்தது. மனசு கேட்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து பல்லுக்குக் கறை ஏற்றும் சாயத்தைக் கைப்பையில் கொண்டுவந்தாள். அன்று பிடித்ததுதான்.

சம்பந்தி வீட்டில் இது வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. மகளின் மாமியார் போன் செய்து, "எங்க மொட்டை மாடி டாங்கி அடியில கசியுது, சம்பந்தி வந்து ஒரு தடவை பார்ப்பாங்களா?" என்று கேட்டார். கணவர் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்.

முன்கூடத்தில் ஜன்னலோரம் ஒரு மேசை, பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, பக்கத்தில் கண்ணாடி அலமாரி. அசல் வண்டியின் நீளம் முப்பத்தைந்து அடி என்றால் இவளுடையது ஒரு அடி. "கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆனதைக் கேள்விப்பட்டிருக்கேன். யானை தேஞ்சு நம்ம அலமாரிக்கு வந்ததை இப்பத்தான் பார்க்கறேன்" என்பார் கணவர். ஆனால் அந்த ஒரு அடிக்குள் எதுவும் தப்பாக இருக்கக் கூடாது. பழைய போட்டோக்களைத் தேடித் தேடி எடுப்பாள். அந்த வருஷத்து வண்டிக்கு முன்விளக்கின்மேல் கம்பிக்கூண்டு கிடையாது என்று தெரிந்தால், ஒட்டிக் காய்ந்த கூண்டையும் பிய்த்துவிடுவாள்.

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

அழுக்காக்குவதுதான் அவளுக்குப் பிடித்த கட்டம். எண்ணெய்ச் சாயத்தை நீர்த்து மூலைகளில் ஓடவிடுவாள். பஞ்சுத் துணுக்கால் ஒற்றி ஓரங்களில் பெயின்ட் உதிர்ந்ததுபோல் செய்வாள். சுண்ணக்கட்டியை மாவாக அரைத்துப் புழுதி போடுவாள். ஆணித் தலைகளிலிருந்து துருவைக் கீழே இழுத்துவிடுவாள். ஆனால் கண்ட இடத்தில் பூச மாட்டாள். இங்கே கால் வைத்துத்தான் ஏறுவான், இங்கே கையை ஊன்றுவான், எண்ணெய் ஊற்றும்போது இங்கே சிந்துவான் என்று யோசித்து யோசித்துத்தான் தூரிகையை எடுப்பாள். "ஒவ்வொரு அழுக்குக்கும் ஒரு ஆள் இருக்கணும்ங்க" என்று கணவரிடம் சொல்வாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நம்ம வீட்டு அழுக்குக்கெல்லாம் நான்தானே ஆள்" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எக்ஸ்சேஞ்ச் அம்மா வந்தார்.

அந்தம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிப் பற்களும் எடுத்தாகிவிட்டது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள், அவருக்குச் சொல் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி, தெளிவாகப் பேசுவார். பல் நிறம் பார்க்கப் பின்னறைக்கு வந்தவர் ஒரு விசித்திரமான கோரிக்கை வைத்தார்.

"முன்னாடி ரெண்டு பல்லுக்கும் நடுவுல சந்து விடும்மா. எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

"எல்லாரும் சந்தை அடைக்கச் சொல்லுவாங்க, நீங்க விடச் சொல்றீங்களே."

"அந்தச் சந்து வழியாத்தான் விசில் அடிப்பேன். என் தம்பி எந்தத் தெருவுல விளையாடிக்கிட்டிருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஓடி வந்துடுவான். வேற யாரு கூப்பிட்டாலும் வர மாட்டான்."

பேசிக்கொண்டே அவர் கண் மருந்து அலமாரியின் மேல் போயிற்று. பல்லக்கா முந்தின வாரம் முடித்த ஒரு டாங்கி அங்கே இருந்தது. நர்ஸ்களுக்குக் காட்டக் கொண்டுவந்தது. அந்தம்மா எழுந்து போய் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

அடுத்த தடவை வரும்போது ஒரு போட்டோவைக் கொண்டுவந்தார். பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டது. புத்தம்புதிதாய் பெயின்ட் அடித்த ஒரு டாங்கி. அதன் முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒரு பையன் நிற்கிறான். ராணுவச் சட்டை அவனுக்கு ஒரு சுற்றுப் பெரிது.

"இதுதான் அவன். டிரைவர். இது எடுத்த அன்னிக்கு மத்தியானமே ஆத்தைத் தாண்டப் போனாங்க. மிதவைப் பாலம் புரண்டுடுச்சு. மேல இருந்தவங்க நீந்திக் கரை ஏறிட்டாங்க. டிரைவர் சீட்டு முன்னாடி, கீழ இருக்குமாம். வெள்ளம் வடிஞ்சதும் தேடினாங்க. வண்டியும் கிடைக்கல, இவனும் கிடைக்கல. அப்புறம் சண்டை வேற பக்கம் போயிடுச்சு, தேடறவங்களும் போயிட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஊர்ல இருக்கறவங்க எல்லாரையும் எல்லாரோடவும் சேர்த்து விட்டேன், அத்தனை வருஷமா. அவன் லைன் மட்டும் எனக்குக் கிடைக்கல."

பல்லக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். போட்டோவை வாங்கிப் பார்த்தாள். அவள் கண் தானாக ஆணிகளையும் மூடிகளையும் எண்ணத் தொடங்கியிருந்தது.

"இதைச் செஞ்சு குடு. ஆனா உன்னுது மாதிரி வேண்டாம். ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது. கண்ணை மூடினா எனக்குச் சேறுதான் தெரியுது. ஒரு தடவையாவது அதைச் சுத்தமா பார்க்கணும்."

அழுக்கில்லாத டாங்கி என்பது பல்லக்காவுக்கு உப்பில்லாத சோறு. ஆனாலும் மறுக்க முடியவில்லை. வாசல்வரை போன அந்தம்மா திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னார்.

"டிரைவர் உள்ள இறங்குற மூடி இருக்கு பாரு. அதைத் திறந்து வை."

"போட்டோல மூடியிருக்கும்மா."

"போட்டோல மூடியிருக்கட்டும். நீ திறந்து வை."

போட்டோவில் உள்ளதை மாற்றிச் செய்வது அவள் பழக்கமே இல்லை. அன்று மட்டும் சரி என்று தலையை ஆட்டினாள்.

செய்து முடிக்க மழைக்காலம் முழுதும் ஆயிற்று. இடதுபக்கத் தகட்டில் இருந்த சின்ன நெளிவு, பின்னால் தொங்கிய வாளி, ஒற்றை முன்விளக்கு என்று போட்டோவில் தெரிந்த எல்லாம் வந்தது. டிரைவர் மூடிக்குப் பித்தளைத் துணுக்கில் கீல் செய்து, திறந்த வாக்கில் ஒட்டினாள். உள்ளே ஒரு சின்ன இருக்கையும் வைத்தாள். கடைசிப் பூச்சு அடித்து, கண்ணாடிக் கவிப்பு ஒன்றால் மூடி, அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் காலையில் சங்கிலிப் பட்டையின் அடியில் பழுப்பாக ஒரு கோடு இருந்தது.

"என்னங்க, இதைத் தொட்டீங்களா?"

"நான் லிஃப்டுக்கு கிரீஸ் வைக்கவே நேரமில்லாம அலையறேன், உன் டாங்கிக்கு வேற வைக்கணுமா?"

ஈரத் தூரிகையால் துடைத்தாள். வந்துவிட்டது. பெயின்ட் இல்லை, சாயம் இல்லை. களிமண். விரலில் வைத்து முகர்ந்தாள். ரொம்ப நாள் மூடியிருந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்த வாடை. கண்ணாடிக் கவிப்பு அப்படியேதான் இருந்தது, உள்பக்கம் மட்டும் மூச்சு விட்டதுபோல் மங்கியிருந்தது.

அடுத்த நாள் கோடு சக்கரங்களின் பாதிக்கு ஏறியிருந்தது. துடைத்தாள். அதற்கடுத்த நாள் முன்தகடுகள் இரண்டும் மறைந்திருந்தன. அன்று அவள் துடைக்கவில்லை. விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தாள்.

ஓடுகிற வண்டியில் ஒட்டும் சேறு சக்கரம் சுழலும் திசையில் தெறித்திருக்கும், கீழ்ப்பக்கம் திட்டுத்திட்டாகத் தொங்கும். அதை அவள் எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். இது அந்தச் சேறு இல்லை. மேல்பார்த்த பரப்பெல்லாம் மெத்தை விரித்த மாதிரி, தெறிப்பே இல்லாமல், அசையாத தண்ணீருக்கடியில் நாளாக ஆகப் படிந்த சேறு. அதைவிட அவளை உறுத்தியது வேறொன்று. எந்த மண்ணை எடுத்துச் சின்ன டாங்கிமேல் போட்டாலும் அது ஜல்லிக்கல் கொட்டினது மாதிரிதான் இருக்கும். அதற்காகத்தான் அரைத்து அரைத்து மாவாக்குவது. இந்தச் சேறோ டாங்கியின் அளவுக்குச் சின்னதாக இருந்தது. ஆற்றுமணலில் தண்ணீர் போட்டுவிட்டுப் போகும் அலைத்தடம் அதில் மயிரிழை மயிரிழையாக ஓடியது. பின்வாளிக்குள் தூசி மாதிரி ஏதோ இருந்தது. இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். சுருள் சுருளாக ஒரு நத்தை ஓடு. அந்த ஆற்றில் அது கட்டைவிரல் அளவு இருந்திருக்கும்.

சேற்றின் கோடு சரிவாகப் போயிருந்ததையும் அப்போதுதான் கவனித்தாள். முன்னால் உயரமாக, பின்னால் தாழ்வாக, இடதுபக்கம் இன்னும் கொஞ்சம் ஏறி. தீப்பெட்டி ஒன்றைப் பின்னால் அண்டக் கொடுத்தாள். பிறகு ஒரு ரப்பர் துண்டை வலதுபக்கத்தில் செருகினாள். மூக்கு கீழே போய், இடதுதோள் சாய்ந்து, டாங்கி கவிழ்கிற மாதிரி நின்றபோது கோடு மட்டமானது. ஆக, எங்கேயோ அது இப்படித்தான் கிடக்கிறது. டிரைவர் உட்காரும் பக்கம் கீழே. பல்லக்கா கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். கணவர் டிபன் டப்பாவை எடுக்க வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

அவரும் கண்ணாடியில் பார்த்தார். இந்தத் தடவை ஜோக் வரவில்லை.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லலாம். ஆனா நான் இன்னும் அரளவே இல்ல. பளபளன்னு விடிஞ்சு கிடக்கு" என்றார். பிறகு மெதுவாக, "லிஃப்ட் குழிக்குள்ள சில சமயம் சத்தம் கேக்கும். காரணம் தேடுவோம். கிடைக்கலன்னா கதவைச் சாத்திட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவோம். இதை வீட்டுல வெச்சுக்க வேண்டாம்மா" என்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கழுவித் துடைத்து, அச்சுகளைக் காயவைக்கும் சூடான அலமாரியில் வைத்துப் பூட்டினாள். எந்த ஈரமும் அங்கே ஒரு மணி நேரம் தாங்காது. காலையில் திறந்தாள். சுற்றியிருந்த பிளாஸ்டர் தாடைகள் எலும்பாய்க் காய்ந்து வெளுத்திருந்தன. நடுவில் டாங்கி சொட்டச் சொட்ட நனைந்து, கோபுரத்தின் கழுத்துவரை சேற்றோடு நின்றது. நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்து, "என்னக்கா, மீன் தொட்டி கழுவுனீங்களா?" என்றாள்.

ஈறு முழுசாக ஆறும்வரை காத்திருந்த எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்கு அன்றுதான் பல்செட் கொடுக்க வேண்டிய நாள். பல்லக்கா தண்ணீரும் தூரிகையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கழுவிச் சுத்தமாகக் கொடுத்துவிடலாம். அந்தம்மா வீட்டுக்குப் போனபிறகு நடப்பது நடக்கட்டும். அப்படித்தான் நினைத்தாள், ஆனால் கை வரவில்லை. ஒரு அழுக்கு யாருடையது என்று இத்தனை வருஷம் யோசித்தவளுக்கு, இது யாருடையது என்று தெரிந்த பிறகு துடைத்து மறைக்க மனசு ஒப்பவில்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடினாள்.

அந்தம்மா வந்து உட்கார்ந்ததும், "கேட்டது ஒண்ணு, ஆனது ஒண்ணும்மா. திட்டணும்னா திட்டிடுங்க" என்று சொல்லித் துணியை எடுத்தாள்.

அந்தம்மா பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சுண்டுவிரலால் சேற்றைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நீயா பூசினே?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல. தினமும் துடைக்கறேன், தினமும் வருது."

"தெரியும். நீ பூசியிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும்." விரலைத் துடைத்துக்கொள்ளாமலே, "பல்லைக் குடு" என்றார்.

பல்லக்கா பல்செட்டை வைத்துவிட்டாள். அந்தம்மா வாயை ஒரு தடவை மூடித் திறந்தார். நாக்கால் நடுச்சந்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு டாங்கியின் பக்கம் குனிந்து விசில் அடித்தார். முதலில் வெறும் காற்றாக வந்தது. இரண்டாவது தடவை நீளமாக, கடைசியில் மேலே ஏறி, தெருக்கோடிவரை போகிற விசில். முன்னறையில் டாக்டரின் பேச்சு நின்றது.

விளக்கும் கண்ணாடியும் பல்லக்காவின் பக்கம் இருந்தன. அதனால் அவள் மட்டும் பார்த்தாள். டிரைவர் மூடி திறந்திருந்த இடத்தில், நிரம்பி நின்ற சேற்றுக்குள்ளிருந்து ஒரு குமிழ் எழும்பியது. கடுகில் பாதி இருக்கும். எழும்பி, நின்று, உடைந்தது.

"இப்படியே எடுத்துட்டுப் போறேன்" என்றார் அந்தம்மா. "சுத்தமாத்தானே கேட்டீங்க?" என்றாள் பல்லக்கா. "நான் கழுவிக்கறேன். சின்ன வயசுலயும் நான்தான் கழுவி விடுவேன். எங்கம்மாவுக்குத் தெரியாம கொல்லைப்பக்கமா கூட்டிட்டுப் போயி" என்றவர், தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போனார்.

அதன்பிறகு சில நாட்களுக்கு ஒருதரம் அந்தம்மா போன் செய்வார். தினமும் காலையில் புது டூத்பிரஷ் ஒன்றால் கழுவுவதாகச் சொல்வார். சேறு குறைந்துகொண்டு வருகிறதாம். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. "என்னம்மா, பயமா இல்லையா?" என்று பல்லக்கா கேட்டபோது, "எதுக்கு? அழுக்குக்குப் பயந்தா பிள்ளை வளர்க்க முடியுமா?" என்றார். அப்புறம் போன் நின்றுபோயிற்று.

ஒரு மத்தியானம் பல்லக்காவே கூப்பிட்டாள். பல்செட் கீழே ஒரு பக்கம் ஈறில் உரசுகிறது, புண்ணாயிருக்கிறது என்றார் அந்தம்மா. ஆஸ்பத்திரிக்கு வந்தால் சரிசெய்து தருகிறேன் என்றாள் இவள்.

"இப்ப வர முடியாதும்மா. வீட்டுல ஆள் இருக்கு."

கையில் பிடித்துத் தேய்க்கிற சின்ன மோட்டாரை எடுத்துக்கொண்டு பல்லக்கா போனாள். ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். வெளியே வெயில் கொளுத்தியது. வாசல் நிலையைத் தாண்டியதும் காலடியில் குளிர்ச்சி ஏறியது. கோணிச் சாக்கு ஒன்றை மடித்துக் காலடிக்குப் போட்டிருந்தார். அதுவும் ஊறிக் கிடந்தது. முன்னறையில் நாற்காலி, ஜன்னலோரம் மேசை, மேசைமேல் டாங்கி. பளிச்சென்று இருந்தது. ஒரு பொட்டு அழுக்கில்லை.

"சேறு நின்னுடுச்சா?"

"அதுல நின்னுடுச்சு."

பல்லக்கா மேசையருகே குனிந்தாள். பழக்கதோஷத்தில் கண் போய்விட்டது. டிரைவர் மூடியின் விளிம்பில் அவள் அடித்த பச்சை தேய்ந்து, அடியில் அவள் முதலில் பூசிய வெள்ளி நிறம் தெரிந்தது. பக்கத்துக்கு, டாங்கியின் அளவுக்குச் சுருங்கிய நாலு விரல் அகலத்தில், உள்ளேயிருந்து பிடித்து எழும்புகிறவன் கை வைக்கும் இடம். அதிலிருந்து முன்தகட்டுக்கு ஒரு சிராய்ப்பு, முட்டி பட்டு வழுக்கியது. தகட்டின் நுனியில் நெளிவுக்குப் பக்கத்தில் இன்னொன்று, குதிக்கும் முன் குதிகால் ஊன்றியது. அவளே யோசித்து யோசித்துச் செய்திருந்தாலும் இவ்வளவு சரியாக வந்திருக்காது. டூத்பிரஷால் யாராலும் இப்படித் தேய்க்க முடியாது.

நிமிர்ந்தபோதுதான் தரையைப் பார்த்தாள். பாதி துடைத்திருந்தது. வாளியும் மாப்பும் நடுவில் நின்றன. துடைக்காத பாதியில், மேசையின் காலடியிலிருந்து உள்ளறைக் கதவுவரை சேற்றுத் தடம். இந்தத் தடம் சின்னதில்லை. வளர்ந்த ஆளின் பாதம், விரல்கள் பரந்து, அதே பழுப்பு, அதே கிணற்று வாடை.

"அங்க மிதிச்சுடாதேம்மா, வழுக்கும்" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா சாதாரணமாக. "தினமும் துடைக்க வேண்டியிருக்கு. காலைத் துடைச்சிட்டு உள்ள வாடான்னு அப்பவும் சொல்லுவேன், இப்பவும் சொல்றேன். எங்க கேக்கறான்."

உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அங்கே இருட்டாக இருந்ததாகப் பல்லக்கா பிற்பாடு கணவரிடம் சொன்னாள். ஆனால் உண்மையில் அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, முதுகை அறைக்குக் காட்டி உட்கார்ந்து, பல்செட்டை வாங்கிக்கொண்டாள். உரசும் இடத்தைக் குறித்து, மோட்டாரை ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாள். மோட்டாரை நிறுத்தியபோது பின்னால் ஈரமாக ஏதோ தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது, ஒரே ஒரு தடவை. அந்தம்மா பல்செட்டைப் போட்டுக் கடித்துப் பார்த்துக்கொண்டே, அவள் தோளுக்கு மேலே, "இருடா, வந்துட்டேன். விருந்தாளி வந்திருக்காங்கல்ல" என்றார்.

"இப்ப உரசலையே?" என்று கேட்டாள் பல்லக்கா.

"இப்ப நல்லா இருக்கு."

சுவரை ஒட்டிக்கொண்டே நடந்து வெளியே வந்தாள். தெருவில் பழவண்டிக்காரர் சத்தமாக விலை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். வேண்டாத பழத்தை வாங்கினாள். வெயில் முதுகில் ஏற ரொம்ப நேரம் ஆனது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னபோது கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "அந்தம்மா எப்படி இருந்தாங்க?" என்றார்.

"நல்லா இருந்தாங்க. அவங்களை அவ்வளவு நல்லா நான் பார்த்ததே இல்ல."

"அப்ப நாம கதவைச் சாத்திட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்."

பல்லக்கா பிறகு அந்த வீட்டுக்குள் போகவில்லை. போனில் மட்டும் பேசினாள். மாடி வீட்டுக்காரர்கள், கீழே எப்போது பார்த்தாலும் தரை துடைக்கிற சத்தமும் அந்தம்மா யாரோடோ சண்டை போடுகிற சத்தமும் கேட்கிறது, வயசாகிவிட்டது பாவம் என்று பல் காட்ட வந்தபோது டாக்டரிடம் சொன்னார்களாம். அந்தம்மா அதற்கப்புறம் சில வருஷங்கள் இருந்தார். ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். வீட்டைக் காலி செய்ய வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், இது உங்களிடம் சேர வேண்டியது என்று எழுதி ஒட்டியிருந்ததாகச் சொல்லி, டாங்கியை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து கொடுத்தார். வீடெல்லாம் அத்தனை சுத்தமாக இருந்ததாம், தரையில் முகம் பார்க்கலாமாம்.

கணவர் வேண்டாம் என்று சொல்வார் என்று பல்லக்கா நினைத்தாள். அவரோ அலமாரியில் மற்ற டாங்கிகளை நகர்த்தி நடுவில் இடம் பண்ணிக் கொடுத்தார். முதல் வாரம் இருவரும் காலையில் எழுந்ததும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், போய் அதைப் பார்த்தார்கள். எதுவும் இல்லை. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அவள் மறுபடி புதிதாக ஒன்றை ஒட்டத் தொடங்கினாள். மகள் விடுமுறைக்கு வந்து போனாள்.

மற்ற டாங்கிகள் எல்லாம் துருவும் புழுதியுமாக நிற்க, நடுவில் இது ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரி நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் காட்டி, இதை மட்டும் ஏன் முடிக்காமல் விட்டுவிட்டீர்கள் என்று கேட்பார்கள். "அதை அப்படித்தான் கேட்டாங்க" என்பாள் பல்லக்கா.